பெயர் மறந்த ஈ: ஒரே கதையை வைத்து இரண்டு வார வகுப்பறைக் கைவேலைகள்

வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈக்குத் தன் பெயர் மறந்துபோகிறது. எதிரே நின்ற கன்றுக்குட்டியைக் கேட்கிறது. கன்றுக்குத் தெரியவில்லை, தாயைக் கேள் என்கிறது. தாய்ப்பசு ஆயனைக் காட்டுகிறது, ஆயன் தன் கைக்கோலைக் காட்டுகிறான். இப்படியே போய், கடைசியில் குதிரை முன்னால் வந்து நிற்கிறது ஈ. குதிரை கனைக்கிறது: "ஈஈஈஈ!" பெயர் கிடைத்துவிட்டது.

தமிழ் வீடுகளில் வாய்மொழியாக வழங்கிவரும் இந்தக் கதை, ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எங்கும் பொருந்தும். தெலுங்கிலும் இதே கதை உண்டு. அங்கும் ஈ வீடு மெழுகும்போதுதான் பெயரை மறக்கிறது. ஆகவே ஓசூர் பக்கம் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், அவர்கள் வீட்டில் கேட்டதையும் சொல்லச் சொல்லலாம்.

கதை சொல்லி முடித்ததும் "ஈ படம் வரைந்து வண்ணம் தீட்டுங்கள்" என்று தாளைக் கொடுத்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. தாள் நிறையும், கதை கையில் நிற்காது. இந்தக் கதையின் உயிர் அதன் சங்கிலியில் இருக்கிறது. எந்தக் கைவேலையாக இருந்தாலும் அது சங்கிலியின் ஒரு கண்ணியைக் குழந்தையின் கையில் கொடுக்க வேண்டும்: சட்டி செய்யும்போது குயவனின் கை மண் புரிய வேண்டும், புல் முளைக்கும்போது குதிரையின் தீனி புரிய வேண்டும். கீழே உள்ளவை எல்லாம் அந்த எண்ணத்தில் தேர்ந்தெடுத்தவை. அளவுகள் 30 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு.

முதலில் பாட்டு

ஊருக்கு ஊர் அடிகள் கொஞ்சம் மாறும். உங்கள் ஊரில் வழங்குவது வேறாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வகுப்புக்கு ஒரே வடிவம்தான் இருக்க வேண்டும். பாதியில் மாற்றினால் அட்டைகளும் நடிப்பும் குழம்பிப்போகும். இந்த வழிகாட்டி பின்வரும் 14 அடிகளையும் கடைசிக் கேள்வியையும் வைத்து எழுதப்பட்டது.

கொழு கொழு கன்றே
கன்றின் தாயே
தாயை மேய்க்கும் ஆயா
ஆயன் கைக் கோலே
கோல் இருக்கும் மரமே
மரத்தில் இருக்கும் கொக்கே
கொக்கு நீராடும் குளமே
குளத்தில் இருக்கும் மீனே
மீன் பிடிக்கும் வலையா
வலையன் கைச் சட்டியே
சட்டி செய்யும் குயவா
குயவன் கை மண்ணே
மண்ணில் வளரும் புல்லே
புல்லைத் தின்னும் குதிரையே
என் பேர் என்ன?

ஓர் அடி முடிந்த சொல்லிலேயே அடுத்த அடி தொடங்குகிறது. அந்தாதி என்ற பெயரை ஒன்றாம் வகுப்பில் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்பில் தாராளமாகச் சொல்லலாம், அபிராமி அந்தாதியின் கட்டும் இதுதான் என்று.

ஈ ஒவ்வொருவரிடம் போகும்போதும் முதலடியிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தால், கதை முடிவதற்குள் பிள்ளைகள் மொத்தம் 105 அடிகள் சொல்லியிருப்பார்கள். அதில் "கொழு கொழு கன்றே" 14 முறை வரும், "புல்லைத் தின்னும் குதிரையே" ஒரே ஒரு முறைதான் வரும். முன்பாதி கணீரென்று ஒலிப்பதும் பின்பாதி முணுமுணுப்பாகத் தேய்வதும் இதனால்தான். பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

சரிசெய்ய வழி எளிது. முதல் நாள் 3 அடிகள், இரண்டாம் நாள் 3 அடிகள். மூன்றாம் நாள் நடுவைத் தொடாமல் கடைசிக்குப் போய்விடுங்கள்: "சட்டி செய்யும் குயவா" முதல் குதிரை வரை 4 அடிகளைத் தனிப்பாட்டாகச் சொல்லிக்கொடுங்கள். மிச்சமிருக்கும் நடு 4 அடிகளை நான்காம் நாள் வைத்துக்கொண்டு, ஐந்தாம் நாள் எல்லாவற்றையும் கோத்துவிடலாம்.

பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்களும் கணித்துவிடக் கூடியவைதான். "இருக்கும்" என்ற சொல் மூன்று அடிகளில் வருகிறது; அதனால் "மரத்தில் இருக்கும்" என்றதும் சிலர் "மீனே" என்று தாவிவிடுவார்கள். "கை" என்பதும் மூன்று முறை வருகிறது: ஆயன் கை, வலையன் கை, குயவன் கை. "வலையன் கை மண்ணே" என்று சொல்லிவிட்டால் சட்டியும் குயவனும் காணாமல் போய்விடும். இந்த ஆறு அடிகளுக்கு மட்டும் கைச்சைகை சேர்த்தால் போதும். கோலுக்குக் கையைத் தரையில் ஊன்றுவது, மரத்துக்குக் கையை மேலே தூக்குவது, கொக்குக்கு ஒற்றைக்காலில் நிற்பது, மீனுக்கு உள்ளங்கைகளைச் சேர்த்து நெளிப்பது, சட்டிக்கு இரு கைகளாலும் வட்டம் பிடிப்பது, மண்ணுக்கு விரல்களைப் பிசைவது. எல்லா அடிக்கும் சைகை வைத்தால் பிள்ளைகளின் கவனம் சைகையில் போய்விடும், சொல் பின்னால் தங்கிவிடும்.

"ஆயா" என்றதும் பாட்டியையோ பள்ளி ஆயாவையோதான் இன்றைய பிள்ளைகள் நினைப்பார்கள். ஆயன் என்றால் மாடு மேய்ப்பவர், அவரைக் கூப்பிடும்போது "ஆயா" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆயன், வலையன், குயவன் என்பவை இங்கே தொழிலைக் குறிக்கின்றன. ஆனால் அதே சொற்கள் சமூகப் பெயர்களாகவும் நம்மிடையே வழங்குகின்றன. எந்தப் பிள்ளைக்கும் அதன் வீட்டுத் தொழிலைப் பார்த்து வேடம் கொடுக்காதீர்கள். சீட்டுப் போட்டுக் கொடுங்கள். மாடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், சட்டி செய்பவர் என்று வேலையைச் சொல்லி விளக்குங்கள். வகுப்பில் ஒருவரை ஒருவர் கேலி செய்யும் பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திப் பேசிவிட வேண்டும்.

வாங்கவும் சேர்க்கவும் வேண்டியவை

முழு சார்ட் 5, பட்டர் பேப்பர் 1, சணல் கயிறு 5 மீட்டர், துணிக்கிளிப் 32, கறுப்பு நூல்கண்டு 1, சிவப்பு ஒட்டுப்பொட்டு 5 அட்டை, கிரேயான், ஸ்கெட்ச் பேனா, ஜெம் கிளிப் 1 பெட்டி. இவை கடையில். பழைய நாளிதழ், ஈர்க்குச்சி, கொட்டாங்கச்சி, வெங்காய மூட்டையின் சிவப்பு வலை, பழைய ஸ்பீக்கர் காந்தம், ஒரு கைப்பிடி முழுக் கேழ்வரகு ஆகியவற்றை ஒரு வாரம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவைத்தால் வீட்டிலிருந்து வந்துவிடும். பிசைந்த களிமண் 6 கிலோ வேண்டும், ஆளுக்கு 200 கிராம் கணக்கில்.

பசைக்கு மைதா போதும். 4 மேசைக்கரண்டி மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு இன்னொரு டம்ளர் தண்ணீர் சேர்த்து, சிறுதீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் கண்ணாடி போல் பளபளப்பு வரும்போது இறக்கிவிடலாம். கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டிதான் மிஞ்சும். சுவரொட்டிப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு, வகுப்பறைப் பசையில் கூடவே கூடாது. அது இல்லாமல் செய்த பசை இரண்டாம் நாளே புளித்துவிடும். அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

கதைக்கொடி: 15 அட்டைகள்

கடையில் கிடைக்கும் முழு சார்ட் ஏறத்தாழ 56 செ.மீ. அகலமும் 71 செ.மீ. நீளமும் இருக்கும். அதை அகலவாட்டில் இரண்டு முறை, நீளவாட்டில் இரண்டு முறை சரிபாதியாக மடித்துப் பிரித்தால் 16 கட்டங்கள் விழும். அளவுகோலே வேண்டாம். மடிப்பில் வெட்டினால் 14 செ.மீ. அகலத்தில், ஏறத்தாழ 18 செ.மீ. உயரத்தில் 16 அட்டைகள். ஈக்கு ஒன்று, மற்ற பாத்திரங்களுக்கு 14, தலைப்புக்கு ஒன்று. கணக்கு மிச்சமில்லாமல் முடியும். இரண்டு குழுவுக்கு இரண்டு சார்ட்.

ஒவ்வொரு அட்டையிலும் மேல் 3 செ.மீ. வெறுமையாக விடச் சொல்லுங்கள்; அங்கேதான் கிளிப் பிடிக்கும். அதற்குக் கீழே படம். படத்துக்கு அடியில் சொல், ஒரே சொல்: கன்று, தாய், ஆயன், கோல். "கன்றே", "ஆயா" என்ற விளி வடிவத்தை எழுத வேண்டாம். அதற்கு வேறு வேலை பின்னால் வருகிறது. வரிசை எண்ணை முன்பக்கம் எழுதினால் பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு எண்ணைப் பார்த்து அடுக்குவார்கள். எண் பின்பக்கம், பென்சிலில், சரிபார்ப்பதற்கு மட்டும்.

ஆளுக்கு ஓர் அட்டை. "நன்றாக வரையத் தெரிந்தவர்" எல்லாவற்றையும் வரைந்துவிடும் பழக்கத்தை இங்கே அனுமதிக்காதீர்கள். கொக்கு வாத்து மாதிரி வந்தாலும் பரவாயில்லை, அது அந்தப் பிள்ளையின் கொக்கு.

சணல் கயிற்றைத் தோள் உயரத்தில், பிள்ளைகளின் தோள் உயரத்தில், கட்டுங்கள். 15 அட்டைகளும் நடுவே 10 செ.மீ. இடைவெளியும் சேர்த்து மூன்றரை மீட்டர் பிடிக்கும். முடிச்சுக்கும் தலைப்பு அட்டைக்கும் சேர்த்து 5 மீட்டர் சரியாக இருக்கும். சிறிய அறை என்றால் ஒரு மூலையில் கயிற்றை வளைத்துக் கட்டலாம். ஓர் அட்டைக்கு ஒரு கிளிப் போட்டால் விசிறிக் காற்றில் அட்டை சுழன்று முதுகைக் காட்டும். இரண்டு கிளிப் போட வேண்டும். தலைப்பு அட்டையும் சேர்த்து ஒரு குழுவுக்கு 32 கிளிப் ஆகிறது. இரண்டாவது குழுவின் அட்டைகளைத் தரையில் அடுக்கும் விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொடி கட்டியபின் தினமும் 5 நிமிடம் போதும். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள, இன்னொருவர் ஓர் அட்டையை எடுத்து ஒளிக்க வேண்டும். கண் திறந்தவர் பாட்டைச் சொல்லியபடி எது காணவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். கணக்குப் பாடத்துக்கும் இதே கொடி உதவும்: ஆறாவது யார்? மீனுக்கு முன்னால் எது? கொக்குக்கும் குயவனுக்கும் நடுவில் எத்தனை பேர்? கடைசிக் கேள்விக்கு நான்கு என்று வர வேண்டும். கொக்கையும் குயவனையும் சேர்த்து ஆறு என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள், அட்டைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணவைத்தால் தெளியும்.

உயிருள்ளவை, உயிரற்றவை என்று பிரிப்பதும் இந்த 14 அட்டைகளில் அழகாக அமையும். கோல், குளம், சட்டி, மண் என நான்கு உயிரற்றவை. மற்ற பத்தும் உயிருள்ளவை. கோலைப் பற்றிக் கட்டாயம் வாக்குவாதம் வரும், மரத்தில் இருந்தபோது உயிர் இருந்ததே என்று. குளத்துக்குள் உயிர்கள் இருக்கின்றனவே என்றும் ஒருவர் கேட்பார். அவசரப்பட்டு விடை சொல்லிவிடாதீர்கள். இந்தப் பேச்சுக்காகவே அந்தச் செயல்பாட்டை வைக்கலாம்.

ஈப் பொம்மை

இதற்கு ஒரு பாடவேளை. செய்யும் முன் ஓர் உண்மையான ஈயைப் பற்றிப் பேசுங்கள்: உடல் மூன்று பகுதி, கால் ஆறு, சிறகு இரண்டு. பிள்ளைகள் பட்டாம்பூச்சியை நினைத்துக்கொண்டு நான்கு சிறகு வைப்பார்கள். கால்களை வயிற்றில் ஒட்டுவார்கள். பூச்சிகளுக்குக் கால்கள் நடுப்பகுதியான மார்பில்தான் இருக்கும்.

1. நாளிதழை 8 செ.மீ. அகலத்தில், 50 செ.மீ. நீளத்தில் 3 துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கட்டைவிரல் பருமனுக்குத் தளர்வாகச் சுருட்டவும். இறுக்கிச் சுருட்டினால் அடுத்த படியில் நூல் பதியாது.
2. முனையிலிருந்து 2 செ.மீ. தள்ளி நூலால் இறுகக் கட்டவும். அங்கிருந்து இரண்டரை செ.மீ. தள்ளி இன்னொரு கட்டு. தலை, மார்பு, வயிறு மூன்றும் பிரிந்துவிடும்.
3. 10 செ.மீ. நீள நூல் துண்டுகள் மூன்றை நடுவில் சேர்த்துப் பிடித்து, மார்பின் அடியில் குறுக்காக வைத்துக் கட்டவும். இரு பக்கமும் மூன்று மூன்றாக ஆறு கால்கள். நூலில் பசை தடவி நீவினால் கால் விறைப்பாக நிற்கும்.
4. பட்டர் பேப்பரில் 7 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் வேப்பிலை வடிவில் இரண்டு வெட்டி, மார்பின் மேல் ஒட்டவும். நரம்புகளைப் பென்சிலால் கீறலாம்.
5. கண்ணுக்கு இரண்டு சிவப்புப் பொட்டுகள்.
6. 30 செ.மீ. நீள ஈர்க்குச்சியின் தடித்த முனையைச் சுருளுக்குள் செருகவும். மெல்லிய முனையைக் கத்தரித்து, செலோ டேப் சுற்றிவிடவும். ஆடும்போது பக்கத்துப் பிள்ளையின் கண்ணில் குத்துவது அந்த முனைதான். கூட்டிய விளக்குமாற்றிலிருந்து உருவாமல் புதுக் குச்சி எடுங்கள்.

கண்ணுக்குக் குன்றிமணி வைக்கலாமே என்று தோன்றும், பிள்ளையாருக்கு வைப்பது போல. வேண்டாம். குன்றிமணி நஞ்சு. முழுதாக இருக்கும்போது ஓடு தடுக்கும்; கடித்தாலோ துளையிட்டாலோ உயிருக்கே ஆபத்து. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் கையில் அது இருக்கவே கூடாது. மற்ற சிறு விதைகளையும் மூக்கில், காதில் போட்டுக்கொள்ளும் வயது அது. ஒட்டுப்பொட்டுதான் நல்லது.

பொட்டுக்கு இன்னொரு பயன் இருக்கிறது. ஈ என்ற எழுத்தை எழுதும்போது பெரும்பாலான பிள்ளைகள் விட்டுவிடுவது உள்ளே இருக்கும் இரண்டு புள்ளிகளைத்தான். அரைத்தாளில் ஈயைப் பெரிதாக எழுதிக் கொடுத்து, கோட்டின் மேல் பசை தடவிக் கோலமாவு தூவச் சொல்லுங்கள். காய்ந்தபின் இரண்டு புள்ளிகளையும் பொட்டாக ஒட்டட்டும். பொம்மையின் கண்ணுக்கு ஒட்டிய அதே பொட்டு. அதன்பின் "ஈயின் கண் எங்கே?" என்ற ஒரு கேள்வியே நோட்டில் புள்ளிகளைக் கொண்டுவந்துவிடும். வெறும் வெள்ளைத் தாளில் கோலமாவு தெரியாது. கறுப்பு அல்லது நீலத் தாள் வேண்டும்.

அடுத்து ஓசை. இ ஒரு மாத்திரை, ஈ இரண்டு மாத்திரை. குதிரை கனைப்பது நீளமானது என்பதால் நெடில் தானாகப் பதியும். பாட்டில் ஈகார ஓசை வேறு எங்கே வருகிறது என்று தேடவிடுங்கள்: நீராடும், மீனே, மீன் பிடிக்கும் என மூன்றே இடங்கள். "பிடிக்கும்", "தின்னும்", "இருக்கும்" என்று சொல்பவர்களிடம் அவற்றைக் குதிரை போல நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். பொருந்தாதது அவர்கள் காதுக்கே கேட்கும்.

மீனும் வலையும்

15 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் தாள் பட்டை. இடமுனையிலிருந்து 2 செ.மீ. தள்ளி, கீழ்விளிம்பிலிருந்து பாதி அகலம் வரை ஒரு வெட்டு. வலமுனையிலிருந்து 2 செ.மீ. தள்ளி, மேல்விளிம்பிலிருந்து பாதி வரை ஒரு வெட்டு. பட்டையை வளைத்து இரண்டு வெட்டுகளையும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டினால் வாலோடு மீன். பசையே தேவையில்லை. மேலிருந்து போட்டால் சுழன்றுகொண்டே விழும். இரண்டு வெட்டும் ஒரே விளிம்பில் இருந்தால் மாட்டவே முடியாது. வெட்டு பாதியைத் தாண்டினால் வால் பிய்ந்து வரும். வெட்டும் இடங்களை முதலில் பென்சிலில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாட்டும் முன் பட்டையில் ஒரு சொல் எழுத வேண்டும். சொல் வாசிக்கத் தொடங்கிய மொட்டு நிலைப் பிள்ளைகளுக்குப் பாட்டில் வரும் சொற்கள், இன்னும் எழுத்து பழகும் அரும்பு நிலைக்கு ஓர் எழுத்து. வாலில் ஒரு ஜெம் கிளிப். வெங்காய வலையைத் தரையில் விரித்து மீன்களைக் கொட்டி, நூலில் கட்டிய காந்தத்தால் பிடிக்கவிடுங்கள். பிடித்த மீனின் சொல்லை வாசித்தால் மீன் அவர்களுக்கு. இல்லையென்றால் திரும்பக் குளத்தில் விட வேண்டும்.

ல, ள, ழ பயிற்சிக்கு இதே விளையாட்டு உதவும். பாட்டில் கோல், வலை, புல் ஒரு பக்கம், குளம், வளரும் இன்னொரு பக்கம், கொழு தனியாக. மூன்று கொட்டாங்கச்சி வைத்து, பிடித்த மீனை அதனதன் சிரட்டையில் போடச் சொல்லுங்கள்.

சட்டி

இந்த இரண்டு வாரத்தில் பிள்ளைகளுக்கு அதிகம் கிடைக்க வேண்டியது மண்ணோடு இருக்கும் நேரம்தான். அவசரப்பட வேண்டாம், தொடர்ந்து இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள்.

மண்பாண்டம் செய்பவரிடம் வாங்கினால் கல், வேர் நீக்கிய மண் கிடைக்கும். அவரையே வகுப்புக்கு அழைத்து வந்து அரை மணி நேரம் பேசவைக்க முடிந்தால் அதைவிட நல்ல பாடம் இல்லை. அவருடைய நேரத்துக்கு உரிய தொகையைக் கொடுத்துவிடுங்கள். கண்மாய் மண்ணை நீங்களே எடுத்தால் கரைத்து வடிகட்டி, தெளிந்த நீரை இறுத்து, சாக்கில் ஊற்றி ஒன்றிரண்டு நாள் கெட்டிப்பட விட வேண்டும்.

பதம் பார்க்கும் முறை: ஒரு சிட்டிகை மண்ணைப் பென்சில் பருமனுக்கு உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடித்தால் தண்ணீர் போதாது. விரலில் ஒட்டினால் அதிகம். வெடிக்காமல் வளைந்து, விரலைச் சுத்தமாக விட்டுப் பிரிந்தால் சரியான பதம்.

1. ஆரஞ்சுப் பழ அளவு உருண்டை. விரிசல் இல்லாமல் உள்ளங்கையில் நன்றாக உருட்டவும்.
2. நடுவில் கட்டைவிரலை அழுத்தவும், அடியில் 1 செ.மீ. மிச்சம் இருக்கும்வரை மட்டும்.
3. இடக்கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே சுவரைக் கிள்ளிக் கிள்ளி உயர்த்தவும். அடியிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும். விளிம்பில் தொடங்கினால் சட்டி தட்டாக விரிந்துவிடும்.
4. சுவர் அவரவர் சுண்டுவிரல் பருமனுக்கு இருக்கட்டும்.
5. ஈர விரலால் விளிம்பை ஒருமுறை நீவவும். ஒரே ஒரு முறை. பிள்ளைகளுக்குத் தண்ணீர் தொட்டுத் தடவுவது பிடிக்கும், சட்டி தொய்ந்து உட்கார்ந்துவிடும். ஆளுக்கொரு கிண்ணம் கொடுக்காமல் நான்கு பேருக்கு ஒரு ஈரத்துணி கொடுப்பது நல்லது.

நாளிதழின் மேல் வைத்து நிழலில் 4 நாள் உலர்த்துங்கள். மண் காயும்போது சுருங்கும். சிமெண்ட் தரையில் நேராக வைத்தால் அடிப்பாகம் ஒட்டிக்கொண்டு, சுருங்க முடியாமல் வெடிக்கும். வெயிலில் வைத்தால் விளிம்பு முதலில் காய்ந்து, ஈரமான அடியிலிருந்து பிளக்கும். இரண்டாம் நாள் கவிழ்த்து வையுங்கள். ஈரம் இருக்கும்போது வந்த விரிசலைக் குழைத்த மண்ணால் பூசலாம். காய்ந்தபின் பூசினால் ஒட்டாது. அதை நொறுக்கி ஊறவைத்து மறுபடி பிசைந்துகொள்ளலாம். சுடாத மண் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் குழையும், உடைந்த சட்டிக்காக அழும் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள். வண்ணத்துக்குக் காவி மண்ணும் அரிசிமாவும் போதும்.

புல்

சுடாத சட்டியில் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். ஆகவே புல் வளர்க்கக் கொட்டாங்கச்சிதான். மூன்று கண்களில் மென்மையான கண்ணை ஆணியால் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் தங்கி விதை பூஞ்சை பிடிக்கும். மண் இரண்டு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு. இரவு ஊறவைத்த முழுக் கேழ்வரகு ஒரு தேக்கரண்டியைத் தூவி, அரை செ.மீ. மண்ணால் மூடி, கையால் தெளியுங்கள். கேழ்வரகு, கம்பு, நெல் எல்லாமே புல் குடும்பம்தான். தினை, சாமையைக் கடையில் உமி நீக்கி அரிசியாகத்தான் விற்பார்கள், அவை முளைக்காது.

திங்கட்கிழமை விதையுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் முளை தெரியும். தண்ணீர் மிகவும் தேவைப்படும் அந்த நாட்களில் பள்ளி நடக்கும். வெள்ளி மாலை நன்றாக நனைத்து, நிழலுக்கு மாற்றி, கொட்டாங்கச்சிகளைச் சுற்றி ஈரச்சாக்கு போட்டுவிட்டுப் போகலாம்.

அளப்பதற்கும் ஈர்க்குச்சி. இரண்டு நாளுக்கு ஒருமுறை புல்லின் பக்கத்தில் குச்சியை நிறுத்தி, புல் உயரத்துக்கு ஒடித்து, தேதியோடு சார்ட்டில் அடுத்தடுத்து ஒட்டுங்கள். பிள்ளைகளே செய்த முதல் பட்டை வரைபடம் அது. எண் எழுதத் தெரியாத பிள்ளைக்கும் புல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும்.

நடிப்பு

முகமூடி வேண்டாம், குரல் அடைபடும், சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள். தலைப்பட்டை போதும். சார்ட்டை நீளவாட்டில் 5 செ.மீ. பட்டைகளாக வெட்டினால் ஒரு சார்ட்டில் 11 கிடைக்கும். 30 பேருக்கு 3 சார்ட். 71 செ.மீ. நீளம் எல்லாத் தலைக்கும் மிச்சமாகவே இருக்கும். ஸ்டேப்ளர் அடித்தால் முள் முடியில் சிக்கும், செலோ டேப் ஒட்டுங்கள்.

15 பேர் கொண்ட இரண்டு குழுக்கள். 14 பேர் வட்டமாக நிற்க, ஈ உள்ளே சுற்றிவரும். ஒரு குழு நடிக்கும்போது மற்றது பாடும். எட்டுப் பேரே உள்ள பள்ளியில் ஆளுக்கு இரண்டு வேடம் கொடுக்கலாம். அடுத்தடுத்த இரண்டைக் கொடுக்காமல், கன்றாக இருப்பவருக்கே கொக்கு என்று தள்ளிக் கொடுத்தால் தலைப்பட்டை மாற்ற நேரம் கிடைக்கும். குதிரையின் குளம்பொலிக்குக் கொட்டாங்கச்சி இரண்டு பாதி, விளிம்பைச் சிமெண்ட் தரையில் தேய்த்து மழுக்கிவிட்டு.

மறதிக்காரப் பிள்ளையை ஈயாகப் போட்டு மற்றவர்கள் சிரிக்கும்படி ஆக்கிவிடாதீர்கள். பெயரை மறந்த ஈ வெட்கப்படாமல் 14 பேரிடம் போய்க் கேட்டது. கதையில் யாரும் அதைக் கேலி செய்யவில்லை.

மூன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு

அட்டையில் எழுதிய சொல்லையும் பாட்டில் வரும் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். கன்று கன்றே ஆகிறது, மரம் மரமே, மீன் மீனே. ஆனால் ஆயன் ஆயா, வலையன் வலையா, குயவன் குயவா. விளிவேற்றுமை இதுதான். "அன்" என்று முடியும் ஆட்பெயர்கள் மட்டும் ஏன் வேறு மாதிரி மாறுகின்றன என்பதைப் பிள்ளைகளே கவனித்துச் சொல்லிவிடுவார்கள். பிறகு முருகன், கண்ணன் என்று அவர்களே நீட்டிப் பார்ப்பார்கள். மரம், குளம் ஆகியவை மரத்தில், குளத்தில் என்று மாறுவதையும் இங்கே எடுத்துக்கொள்ளலாம்; "மரமில்" என்று எழுதும் பழக்கம் இதில் போய்விடும். ஐந்தாம் வகுப்பில் கைக் கோலே, கைச் சட்டியே என்று வல்லினம் மிகுவதும் கை மண்ணே என்பதில் மிகாததும்கூடப் பாட்டிலேயே இருக்கிறது.

பிறகு அவர்களே ஒரு சங்கிலி கட்டட்டும். தொடங்கிக் கொடுக்க: குழாயில் வரும் நீரே, நீர் நிரம்பும் குடமே, குடம் சுமக்கும் அம்மா... ஆறு அடி போதும். முடிவில் யாருடைய பெயர் கிடைக்க வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கட்டினால் எளிது. முன்னாலிருந்து கட்டுபவர்கள் நடுவில் மாட்டிக்கொள்வார்கள்.

கற்றுக்கொண்டார்களா என்று பார்க்கத் தேர்வு வேண்டாம். கலைத்த அட்டைகளை அடுக்கச் சொல்லுங்கள். பிறகு "குளத்திலிருந்து தொடங்கு" என்று சொல்லுங்கள். முதலிலிருந்து மட்டும் சொல்லத் தெரிந்தால் பாட்டு மனப்பாடம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். நடுவிலிருந்து தொடங்க முடிந்தால் எது எதோடு சேர்கிறது என்பது புரிந்திருக்கிறது. முடியாத பிள்ளைக்குக் கொடியில் மூன்று அட்டை மட்டும் வைத்து மறுபடி விளையாடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் அட்டைகளையும் தலைப்பட்டைகளையும் வேப்பிலை போட்டுப் பெரிய உறையில் வைத்தால் அடுத்த ஆண்டும் வரும். மைதாப் பசையால் ஒட்டியவற்றைத் தனியாக வையுங்கள், கரப்பான் அதைத் தேடித்தான் வரும். மீந்த களிமண்ணை ஈரத்துணியில் சுற்றி மூடிபோட்ட வாளியில் வைத்தால் பல வாரம் பதமாக இருக்கும். முளைத்த கேழ்வரகைக் கொட்டாங்கச்சியோடு பள்ளித் தோட்டத்துக்குக் கொண்டுபோய், வேர் அறுபடாமல் மண்ணோடு எடுத்து, ஒரு சாண் இடைவெளியில் நட்டுவிடுங்கள்.